எங்கள் சங்கம் பாகூரில் கூடிய கதை

அடுத்தவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதுதான் என் பிழைப்பு. இதற்குப் போய்ப் படிப்பா என்று என் மாமியார் இன்னும் கேட்கிறார். நாற்காலியில் உட்கார்ந்தே இடுப்பொடிந்த சக தொழிலாளர்களே, உங்களுக்காவது புரியும். வில்லியனூரில் ஓர் உரக்கடை மாடியில் அறை வைத்திருக்கிறேன். உறவுவழி உளப்பகுப்பாய்வு என்று பெயர். வந்தவர் மனசோடு, கேட்கிறவள் மனசில் என்ன ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கிற வைத்தியம். இதே வேலை செய்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறோம். மாதா மாதம் கம்ப்யூட்டரில் பேசுவோம். எப்போதாவது ஓர் ஊரில் கூடுவோம். இந்த முறை எங்கள் பக்கத்துப் பாகூர். என்னிடம் வந்தவரின் பேரையும் ஊரையும் மாற்றி, அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கத்திரிக்காய்க் கடை

கலியபெருமாள் ஏம்பலத்தில் கரும்பு போடுகிறவர். மிளகாய் அரைக்க மாவு மில்லுக்குப் போன மனைவி, வழியிலேயே நெஞ்சு வலி வந்து விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அதிலிருந்து வீட்டை விட்டு யார் கிளம்பினாலும் மனுஷருக்குப் படபடப்பு. ஒரே மகள் கவிதா நர்ஸ். ஜெர்மனியில் வேலை கிடைத்து விசாவும் வந்துவிட்டது. அப்பா பாஸ்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். அவள்தான் கெஞ்சிக் கூத்தாடி அவரை என்னிடம் கூட்டி வந்தாள்.

நம்மிடம் வருகிறவரை வெளியே பார்த்தால் நாமாகப் போய்ப் பேசக்கூடாது என்பது தொழில் வழக்கம். அவர் நம்மிடம் வருவது ஊருக்குத் தெரிந்துவிடும் அல்லவா? வில்லியனூர் மார்க்கெட்டில் அவரைப் பார்த்ததும் நான் கத்திரிக்காயைப் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன். அடுத்த வாரம் வந்தவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. "எம் பொண்டாட்டிய நெனச்சி நான் அழுததப் பாத்தவங்க நீங்க. மார்க்கெட்ல ஒரு சிரிப்பு சிரிச்சா கொறஞ்சா பூடுவீங்க?"

லீவு சொல்வது

கூட்டத்துக்காக இரண்டு வாரம் அறையைப் பூட்ட வேண்டும். எங்கள் தொழிலில் லீவை வெகு முன்னாடியே சொல்லிவிட வேண்டும்; திடீரென்று காணாமல் போனால் வருகிறவர் மனசு ஆடிவிடும். சொன்னால் மட்டும் ஆடாதா? ஆடும். ஆனால் நம் எதிரில் உட்கார்ந்து ஆடும், நாமும் அவர் கூடவே இருக்கலாம்.

கலியபெருமாளிடம் போகிற தேதி, வருகிற தேதி இரண்டையும் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "மில்லுக்குப் போறப்ப அவளும் வந்துடறேன்னுதான் சொல்லிட்டுப் போனா டாக்டரம்மா."

மேடை

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அந்தக் கவலையோடுதான் கூட்டம் நடக்கிற பாகூர் கல்யாண மண்டபத்துக்குப் போனேன். மேனேஜர் மேடையில் சிவப்பு சோபா போட்டு, சீரியல் லைட்டும் கட்டியிருந்தார். வேண்டாங்க, எல்லாரும் கீழே வட்டமாக உட்காருவோம் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கூட்டம் தொடங்கியது. யாராவது ஆரம்பிக்கட்டும் என்று எல்லாரும் காத்திருந்தோம். வாயைத் திறக்காத ஆளை அவசரப்படுத்தாமல் இருந்து இருந்து பழகிய ஜனங்கள். அதையே ஒருத்தருக்கொருத்தர் செய்தால் என்ன ஆகும்? ஃபேன் சத்தம்தான். இத்தாலிக்காரர் ஒருவர் தரையையே பார்க்கிறார். அர்ஜென்டினாவிலிருந்து வந்த மார்த்தா அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். டீயோடு வந்த மேனேஜர் வாசலிலேயே நின்று, என்னைச் சாடை காட்டிக் கூப்பிட்டுக் காதில் கேட்டார்: "இன்னா மேடம், யாராவது தவறிட்டாங்களா? முன்னாடியே சொல்லியிருந்தா லைட்டக் கழட்டியிருப்பேனே."

மார்த்தாவின் கோபம்

மறுநாள் கலியபெருமாளைப் பற்றி, பேர் சொல்லாமல், நான் பேசினேன். கவிதா வேலையில் சேர வேண்டிய நாள் நெருங்குகிறது, சாவி இன்னும் அவர் இடுப்பில், மனுஷரோ வருவதை நிறுத்திவிட்டார் என்று கொட்டித் தீர்த்தேன். எங்கள் கூட்டத்தில் யாரும் புத்திமதி சொல்ல மாட்டார்கள். கேட்கும்போது தன் மனசில் என்ன எழுந்ததோ அதை மட்டும் சொல்ல வேண்டும். இத்தாலிக்காரர் தூக்கம் வந்தது என்றார். அடப்பாவி, நான் அழாக்குறையாகச் சொல்கிறேன், உனக்குத் தூக்கமா!

மார்த்தா மட்டும் மூக்கு விடைக்க, என் மேல் கோபம் வந்தது என்றார். எதற்கு என்று கேட்டேன். "மகள் போக வேண்டும் போக வேண்டும் என்றே இவ்வளவு நேரம் பேசினீர்கள். மனைவி போனதைப் பற்றி ஒரே ஒரு வரி. அந்த மனுஷர் இன்னும் மாவு மில் வாசலில் நிற்கிறார், நீங்கள் அதற்குள் ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டீர்கள்."

சொன்ன தேதி

சுருக்கென்று தைத்தது. வருவாரோ மாட்டாரோ என்று நினைத்தபடியே, சொன்ன தேதியில் அறையைத் திறக்கப் போனேன். உரக்கடை திறப்பதற்கு முன்பே அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். "வந்துட்டீங்களா" என்றார், நான் செத்துப் பிழைத்து வந்த மாதிரி. "நீங்க வராம போனதும் எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்று உள்ளதைச் சொன்னேன். எங்கள் வைத்தியத்தில் அப்படிச் சொல்லலாம்.

ஜெர்மனிப் பேச்சையே எடுக்கவில்லை. அவங்க மில்லுக்குப் போன அன்னிக்கிக் காலையில இன்னா நடந்துச்சு, சொல்லுங்க என்று மட்டும் கேட்டேன். முதல் முறையாக முழுசாகச் சொன்னார். உலையில் அரிசி போட்டுவிட்டுப் போனாளாம். சோறு குழைந்து அடிப்பிடிக்கிற வரைக்கும் இவர் அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அவர் அழ, நானும் அழுதேன். அடுத்தடுத்த வாரங்களிலும் அதையேதான் பேசினோம்.

ஒரு நாள் காலையில் கவிதா போன் பண்ணினாள். விசும்பிக்கொண்டே சொன்னாள். அப்பா பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து அவள் கையில் வைத்தாராம். திருநீறு பூசவில்லை, நல்லா இரு என்றுகூடச் சொல்லவில்லை, சொன்னது இவ்வளவுதானாம்: "தோ பாரு, வந்துடறேன்னு மொட்டையா சொல்லாத. என்னிக்கி வருவன்னு தேதி சொல்லிட்டுப் போ."

போகிறவர் தேதி சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொன்ன தேதிக்கு வந்து நிற்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்கத்தான் நாங்கள் இத்தனை நாட்டிலிருந்து ஃப்ளைட் ஏறி வந்து கூடுகிறோம், போங்கள்.