சானமாவு ரோட்டில் 'மா'வுக்கு அர்த்தம்

நாளை மகளுக்குத் தமிழ்ப் பரீட்சை. டியூஷன் முடிந்து பைக்கில் வரும்போது பின்னாலிருந்து, "செய்யுள்ல மா-ன்னா மாமரம், குதிரை, பெரியது, கருப்பு" என்று ஒப்பித்துக்கொண்டே வந்தாள். பத்தாவது ஃபெயிலான எனக்கு மாங்காய் மட்டும்தான் தெரியும்.

சானமாவு காட்டருகே வனக் காவலர் மறித்தார்.

"லைட்ட அணைங்கண்ணா. சாமி ரோட்டோரம் நிக்குது."

பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்று, தும்பிக்கை வைத்த அவரை இங்கே சாமி என்றுதான் சொல்வோம்.

மூங்கில் முறிந்தது. பிறகு இன்னொன்று, இன்னும் பக்கத்தில்.

"அப்பா, ஒரு அர்த்தம் விட்டுட்டேன். மா-ன்னா யா..."

வாயைப் பொத்தினேன். "ஒரு மார்க் போனா போவுது, கண்ணு!"

இன்னும் இங்கேதான் நிற்கிறோம். போனைச் சட்டைக்குள் மறைத்து எழுதுகிறேன். இப்போது சத்தமே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

உங்கள் ஊரில் அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள்? பெயரை மட்டும் கமெண்டில் எழுதிவிடாதீர்கள்.