அம்மாவுக்குப் போன பெரட்டு

கல்யாணமாகி மலேசியாவில் பாக்கார் ஆராங்குக்கு வாழ வந்த புதிதில், மத்தியானமானால் நான் டேப் ரிக்கார்டரோடு பேசிக்கொண்டிருப்பேன். திருச்சியில் இருக்கும் என் அம்மாவுக்கு எழுத்து வாசிக்க வராது. அதனால் கேசட்டில் பேசித் தபாலில் அனுப்புவேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வேலி வழியாக எட்டிப் பார்த்து, "சாக்கிட் கா?" என்றார். புரியாமல் தலையாட்டி வைத்தேன். சாயங்காலம் ஒரு கிண்ணம் கஞ்சி வந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டிருக்கிறார். தனியாகப் பேசுகிறவளைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்!

அந்தக் கேசட்டுகள் கடையில் வாங்கியவை அல்ல. கோலா கெத்தில் எஸ்டேட்டில் வளர்ந்த என் கணவர் சேவியர், கல்யாணத்துக்கு முன் நண்பர் அந்தோணியோடு சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருந்தார். பெயர் 'பெரட்டு'. விடியுமுன் எஸ்டேட் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அந்தோணியின் கிட்டார் தகரத்தைச் சுரண்டும். இவர் பாடமாட்டார், பேர் கூப்பிடுவார், அதட்டுவார், கடைசியில் கத்துவார். கல்யாண விருந்துகளில் சினிமாப் பாட்டை எதிர்பார்த்தவர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்களாம். நான் இருந்திருந்தால் முதல் ஆளாய் எழுந்திருப்பேன். போட்ட கேசட்டுகளை யாரும் வாங்கவில்லை. அந்தோணி லாரியில் அடிபட்டுச் செத்த பிறகு, இவர் பெட்டியோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"உங்கம்மாவுக்குப் பேசி அனுப்பு. வெறும் டேப்புதான் லா."

சில வருடங்கள் கழித்து, பினாங்குத் தமிழ்ப் பையன் ஒருவன் ஒரு வெள்ளைக்காரரோடு வாசலில் நின்றான். தவணைக்குப் பாத்திரம் விற்கிறவர்கள் என்று நினைத்து வேண்டாம் என்றேன்.

"இல்லக்கா, பெரட்டு சேவியர் அண்ணன் வீடு இதானே?"

யாரோ பதிந்து வைத்திருந்த ஒரே ஒரு பாட்டு இங்கிலாந்து வரை போயிருக்கிறது. அங்கே கொண்டாடுகிறார்களாம். மீதிப் பாட்டுகளும் கிடைத்தால் ரிக்கார்டாகப் போடுவார்களாம். கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் பதிந்த ஸ்டூடியோவை எப்போதோ மூடிவிட்டார்கள்.

"மறுபடி பாடுங்கண்ணே."

"அந்தோணி இல்லாம எப்படி தம்பி?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "எல்லாத்தையும் அனுப்பிட்டியா?"

"நீங்கதானே கொடுத்தீங்க."

"ஆமா லா. நான்தான்."

திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

அம்மா ஒன்றைக்கூடத் தொலைக்காமல் வைத்திருந்தாள். அவளோடு இருக்கும் என் தங்கை பார்சல் அனுப்பினாள். ஒவ்வொன்றாகப் போட்டோம். எல்லாவற்றிலும் நான்தான்: மழை, மீன் விலை, 'நல்லா இருக்கேம்மா'. அழுகையை மறைக்கத்தான் அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். பாழாய்ப்போன குரல், அவர் பாட்டையெல்லாம் தின்றுவிட்டது. ஒரே ஒரு கேசட்டில் சீக்கிரம் முடித்திருந்தேன். 'வைக்கிறேம்மா' என்றதும் ஒரு சொடுக்கு. உடனே அந்தோணியின் கிட்டார். டேப்பில் இவர் குரல் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டது, கத்தியது. பாட்டின் கடைசித் துண்டுதான். அதை வைத்து யார் ரிக்கார்டு போடுவார்கள்?

"உங்கம்மா இதைக் கேட்டிருப்பாங்களா?" என்றார்.

தங்கை எழுதியிருந்ததைச் சொன்னேன். அந்தக் கத்தலையும் அம்மா ஒவ்வொரு தடவையும் கடைசிவரை கேட்பாளாம், நடுவில் நான் மறுபடி பேசுவேனோ என்று.

பாட்டு முடிந்த பிறகும் நாடா ஓடிக்கொண்டிருந்தது. இவரும் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை.