தகரம் தட்டிய சிஸ்டர்

போன வருஷம் மாதா வணக்க மாதமான மே மாதத்தில், ஒரு திங்கட்கிழமை காலை, வகுப்பில் பெயர் கூப்பிட வாய் திறந்தேன். காற்றுதான் வந்தது. நான் விளையாட்டுக் காட்டுகிறேன் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். இன்னொரு தடவை முயன்றேன். தொண்டைக்குள் முள் கிழித்த மாதிரி இருந்தது. சத்தம் வரவில்லை.

நான் ஒரு கன்னியர் மடத்துச் சகோதரி. தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் தரத்துக்குப் படிப்பிக்கிறேன். அப்பாவும் அம்மாவும் கந்தப்பளைப் பக்கம் லீக்ஸும் கரட்டும் போடுகிற சின்ன விவசாயிகள். எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லும்போது எனக்கு அடக்கம் வருவதில்லை, ஆண்டவர் பொறுத்துக்கொள்வார். என் குரலும் அந்த மண்ணில் வளர்ந்ததுதான். சின்ன வயதில் மேல் பாத்தியில் நின்று கூப்பிட்டால், கீழே ஓடைக்கரையில் நிற்கிற அப்பாவுக்குக் கேட்கும்.

எங்கள் பாடசாலை ஒரே மண்டபம். ஐந்து வகுப்புகளுக்கும் நடுவில் சுவர் கிடையாது, அலுமாரிகள்தான். ஒரு டீச்சர் சத்தம் போட்டால் அடுத்தவர் அதைவிடச் சத்தம் போட வேண்டும். நான் எல்லாரையும் வென்றுகொண்டிருந்தேன்.

கண்டியில் ஒரு தொண்டை வைத்தியர் பார்த்தார். குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, இரண்டு மாதம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கரையாவிட்டால் ஒப்பரேஷன், அதற்குப் பிறகும் படிப்பிக்க முடியுமோ தெரியாது என்றார். ஐந்தாம் தரப் பிள்ளைகள் எழுதுகிற புலமைப்பரிசில் பரீட்சைக்கு மூன்று மாதம்கூட இல்லை. மடத்து மதர் அன்பாகத்தான் சொன்னார். வகுப்புக்கு வேறு ஆசிரியை தேடலாம், நான் மடத்து மரக்கறித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம், அந்த வேலைதான் எனக்குத் தெரியுமே என்றார்.

அன்று சாயங்காலம் சிற்றாலயத்தில் அழுதேன். அழுகைக்கும் சத்தமில்லை. மண்வெட்டியை வாங்கிக்கொண்டு புத்தகத்தைத் தந்தவர் நீர்தானே, மறுபடி மண்வெட்டிக்கா அனுப்புகிறீர் என்று ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். பரீட்சை வரைக்குமாவது குரலைத் தாரும் என்று கேட்டேன். ஒன்பது நாள் செபமாலை உருட்டிக் கேட்டேன். குரல் வரவில்லை.

பத்தாம் நாள் அப்பா வந்தார், ஒரு கட்டு லீக்ஸோடு. பிறத்தியார் முன்னால் என்னை "சிஸ்டரு" என்பார், "வாங்க, போங்க" என்பார். என்ன ஆனது என்று கேட்டார். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி நீட்டினேன். நீட்டிய பிறகுதான், அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. எனக்கு முகம் எரிந்தது. பக்கத்தில் இருந்த மதர் வாங்கி வாசித்துக் காட்டினார். கேட்டு முடித்ததும் அப்பா சிஸ்டரை மறந்துவிட்டார்.

"ஏன் புள்ள, கத்துறதுக்கா ஒன்னயப் படிக்க வச்சோம்? காட்டுப்பன்னிய நான் தொண்டையாலயா வெரட்டுறேன்? தகரத்தத் தட்டுறேன். பன்னிக்கே வெளங்குது, ஒம் புள்ளைங்களுக்கு வெளங்காதா?"

மதர் சிரித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "சரி, ஒரு கிழமை வகுப்பிலேயே இருங்கள், பார்ப்போம்" என்றார்.

இரண்டு நாளில் அப்பாவிடமிருந்து பஸ்ஸில் ஒரு பார்சல் வந்தது. பழைய பிஸ்கட் தகரம், கயிற்றில் கட்டிய ஒரு இரும்பு ஆணி. சட்டத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்: ஒரு தட்டு என்றால் உட்கார வேண்டும். இரண்டு என்றால் கொப்பி எடுக்க வேண்டும். மூன்று என்றால், கரும்பலகையில் நான் எழுதியதை ஒரு பிள்ளை எழுந்து மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். முதல் இரண்டு நாள் ஒரே கூத்து. அப்புறம், வருஷம் முழுக்க வாய் திறக்காத பிள்ளைகள் பின்னக் கணக்கை விளக்க ஆரம்பித்தார்கள். "சிஸ்டருக்குத் தொண்ட கட்டுனதுக்கு நாங்கள்ல தேன் குடிக்கணும்" என்றாள் ஒருத்தி.

அந்தக் கிழமை முடிவில் மூன்றாம் தரத்து டீச்சர் அலுமாரிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "சிஸ்டர், நீங்க பேசாம இருக்கவும்தான் தெரியுது. நாங்க இவ்வளவு நாளா படிப்பிக்கல, சண்டை போட்டிருக்கோம்." மண்டபமே தணிந்திருந்தது. மதர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். தோட்ட வேலையைப் பற்றி அதன் பிறகு பேசவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து வைத்தியர் கருவியை விட்டுப் பார்த்தார். முடிச்சு கரைந்திருந்தது. மெதுவாக ஏதாவது சொல்லுங்கள் என்றார். "இயேசுவே" என்றேன். கரகரப்பாக வந்தது, ஆனால் வந்தது.

பரீட்சையில் என் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் சித்தியடைந்தார்கள். மூவரின் அம்மாமாரும் கொழுந்து பறிக்கிறவர்கள். இந்தப் பாடசாலையில் ஒரே வருஷத்தில் மூன்று பேர் என்பது இதுதான் முதல் தடவை.

இப்போது நான் வகுப்பில் கத்துவதில்லை. தகரம் மேசைமேல் இருக்கிறது. சாயங்காலங்களில் யாரும் சொல்லாமலே மடத்துத் தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கிறேன். நான் விவசாயி மகள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன், படித்தவள் என்று சொல்வதைவிடச் சத்தமாக.

செபித்துச் செபித்துப் பதில் வரவில்லை என்று யாராவது சோர்ந்திருந்தால், இன்னும் ஒரு நாள் கேளுங்கள். வாசலையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். பதில், கையில் லீக்ஸ் கட்டோடு அங்கே நிற்கலாம்.