அக்சாவுக்கு ஒரு ஸ்பூன், அப்பாவுக்கு ஒரு ஸ்பூன்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் ஜெயகரனுக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். தைத்து முடித்த ஷூக்களில் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. ஒரு தையல் பிசகினாலும் தூக்கிப் போட்டுவிடுவான். அப்படிக் கறாரான ஆளை ஒன்றரை வயது மகள் அக்சா அன்று காலையிலிருந்து படாத பாடு படுத்திக்கொண்டிருந்தாள்.

முந்தின நாளே குழந்தைக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். டாக்டர் மருந்து கொடுத்து, ஓ.ஆர்.எஸ். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லியிருந்தார். வேலூரில் நர்சாக இருக்கும் மனைவி கிரேஸிக்கு லீவு கிடைக்கவில்லை; இவன் போட்டான்.

"வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு மறுபடி குடுங்க. மத்தியானம் வரைக்கும் ஒன்னுக்குப் போகலன்னா டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் ரயிலேறினாள்.

ஸ்பூனைக் கண்டாலே அக்சா உதட்டை இறுக்கிக்கொண்டாள். பாடினான், பூனை மாதிரி கத்தினான். ஊற்றியதெல்லாம் அவன் சட்டையில்தான்.

"இன்னாண்ணா, மழையில நனைஞ்சீங்களா?" என்று பக்கத்து வீட்டு ஆஃப்ரீன் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

அலுத்துப்போய் ஒரு ஸ்பூனைத் தானே குடித்து முகத்தைச் சுளித்தான். அக்சா களுக்கென்று சிரித்தாள். ஸ்பூனைப் பிடுங்கி அவன் வாயில் திணித்தாள்.

"இப்ப அக்சாவுக்கு" என்றான். வாய் திறந்தது!

அவனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. நடுவில் ஒரு முறை வாந்தி எடுத்தாள். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் காத்திருந்து மறுபடி தொடங்கினான். ஆனால் அவள் ஜட்டி மட்டும் காய்ந்தே இருந்தது. மணி பன்னிரண்டாகிவிட்டது. பைக் சாவியை எடுத்துக்கொண்டு, ஆஃப்ரீனைக் கூட வரச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, குழந்தையை இடுப்பில் தூக்கினான்.

இடுப்பில் வெதுவெதுவென்று ஏதோ இறங்கியது.

செருப்பு மாட்டிக்கொண்டு ஓடிவந்த ஆஃப்ரீன் பார்த்தது, நனைந்த லுங்கியோடு வாசலில் குதித்துக்கொண்டிருந்த ஜெயகரனைத்தான். போனில் கத்தினான்: "கிரேஸி, போய்ட்டா! என் மேலயே போய்ட்டா!"

"சரி சரி, மெதுவா. இங்க வார்டே சிரிக்குது" என்றாள் கிரேஸி.

அவள் சாயங்காலம் வீடு திரும்பும்போது காய்ச்சல் தணிந்து, அக்சா குழைந்த சோற்றை முகமெல்லாம் அப்பிக்கொண்டிருந்தாள். கிரேஸி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கணவனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நாளைக்கும் ஒரு நாள் லீவு கேட்டுப் பாக்குறீங்களா?"

"மத்தியானமே சொல்லிட்டேன்" என்றான்.