தம்பிக்கு எழுதிய கதை

என் கதைகளுக்குக் கீழே வந்து கருத்துச் சொல்கிறவர்களை நான் பெரிதாக மதித்தது கிடையாது. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை. இணைய இதழில் எழுத ஆரம்பித்த புதிதில், முகம் தெரியாத யாரோ படித்திருக்கிறாரே என்று கொஞ்ச நாள் பூரித்துப் போனேன். பிறகு தெளிந்துவிட்டது. 'அருமை' என்று எழுதுவதற்குக் கதையைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. பாதிப் பேர் படிக்காமல்தான் எழுதினார்கள்.

படித்தவர்கள் இன்னும் மோசம். ஒரு கதையில் ஈர வயலில் அறுப்பு மிஷின் இறங்குவதாக எழுதியிருந்தேன். அமெரிக்காவிலிருந்து எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நீளமாகப் பாடம் எடுத்தார். ஈரத்தில் மிஷின் இறங்காதாம், எனக்கு விவசாயம் தெரியாதாம். அவர் அதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் செயின் போட்ட மிஷின் சேற்றில் இறங்கி அறுத்துக்கொண்டிருந்தது. அந்த மனிதர் தன் பங்கு நஞ்சையை மனைக்கட்டாகப் பிரித்து, கலர் கல் நட்டு விற்றுவிட்டுப் போனவர். நிலத்தை விற்றவருக்குத்தான் மண்வாசனை தூக்கலாக அடிக்கிறது.

என்னோடு எழுத வந்த ஒருவர், கருத்துச் சொன்ன ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி, பிறந்தநாள் வாழ்த்தும் சொல்லி, தனக்கென்று ஒரு கோஷ்டியே சேர்த்துக்கொண்டார். இன்னொருவர் எல்லாரோடும் மல்லுக்கு நின்றார். கடைசியில் அவருக்குக் கதை எழுத நேரமில்லாமல் போயிற்று. நான் பதிலே எழுதுவதில்லை. குரைக்கிற நாய்க்கெல்லாம் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தால் ஊர் போய்ச் சேர முடியாது.

ஒரே ஒரு கதைக்கு மட்டும் கருத்து வருமா என்று காத்திருந்தேன். அதுவும் ஒரே ஒரு ஆளுடைய கருத்துக்காக.

அம்மா அப்போது இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாக இருந்தாள். அக்காவும் தம்பியுமாக நாங்கள் இரண்டே பிள்ளைகள். நான் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தபடி அவளோடு இருந்தேன். தம்பி சிங்கப்பூரில் இருந்தான். அங்கே காலையில் விமானம் ஏறினால் திருச்சியில் இறங்கி, சாயங்காலக் காபிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். அவன் வரவில்லை. "தம்பி எப்ப வர்றானாம்?" என்பதைத் தவிர அம்மாவுக்கு வேறு பேச்சில்லை. நான் போனில் கறாராகச் சொன்னால் அவன் அழுவான். அழ ஆரம்பித்ததும் அவன் பெண்டாட்டி போனை வாங்கி, "அவரை ஏன் அண்ணி இப்படிக் கஷ்டப்படுத்துறீங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

சொன்னால் உறைக்காதது எழுதினால் உறைக்கும் என்று நினைத்தேன். அவன் என் கதைகளை ஒன்றுவிடாமல் படிப்பவன். என் அக்கா எழுத்தாளர் என்று ஆபீஸில் பீற்றிக்கொள்பவன்.

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுப் பிள்ளை வந்து கொள்ளி வைக்கட்டும் என்று, பிணத்தை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருப்பது சகஜமாகிவிட்டது. உயிரோடு இருந்தவரைக்கும் பிள்ளைக்காகக் காத்திருந்தவளைச் செத்த பிறகும் காக்க வைப்பார்கள். கதை அதுதான். கூடத்தில் பெட்டி உறுமிக்கொண்டிருக்கிறது. கரண்டு போய் ஜெனரேட்டர் வருகிறது. மகன் இதோ கிளம்பிவிட்டேன், அதோ கிளம்பிவிட்டேன் என்கிறான். கடைசியில் பங்காளி ஒருவன் கொள்ளி வைக்கிறான், மகன் அதை வீடியோவில் பார்க்கிறான். ஊர் பேர் எதுவும் நான் எழுதவில்லை. மகனுக்குக்கூடப் பெயர் வைக்கவில்லை.

கருத்துகள் குவிந்தன. எங்கள் ஆட்களுக்குக் கதை என்றால் முதலில் அது எந்தத் தெரு, யார் வீடு என்று தெரிந்தாக வேண்டும். "இது வாய்க்கால் கரை வீடுதானே?" என்று துப்புத் துலக்கினார்கள். ஒரு பெண்மணி, "கடைசியில மகன் வந்துட்டதா மாத்திடுங்களேன், மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றார். சாம்பாரில் உப்பைக் குறைக்கச் சொல்வது போலச் சொன்னார். மஸ்கட்டிலிருந்து ஒருவர், தனக்கு லீவு தரவில்லை என்றும், உண்மை தெரியாமல் தன் குடும்பத்தைப் பற்றி எழுதக் கூடாது என்றும் எகிறினார். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. துபாய்க்காரர் ஒருவர், தான் கிளம்பியதாகவும் விமானம்தான் ரத்தானதாகவும் சண்டைக்கு வந்தார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று ஆளாளுக்கு வந்து நின்றார்கள். டெல்டா முழுக்க எத்தனை பெட்டிகள் உறுமியிருக்கின்றன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் உறைக்கிறதே, கூடப் பிறந்தவனுக்கு உறைக்காமலா போகும் என்று நம்பினேன். தம்பிக்காகவே ஒரு கதை எழுதியிருக்கிறேன் என்று அம்மாவிடமும் சொல்லியிருந்தேன். "அவன் படிச்சுட்டானாடி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

படித்துவிட்டான். எழுதியும் இருந்தான்.

'அருமை அக்கா! படித்து முடித்ததும் அழுகையை அடக்க முடியவில்லை. இப்படியும் பிள்ளைகள் இருக்கிறார்களா? நம்பவே முடியவில்லை. தொடர்ந்து எழுதுங்கள்.'

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. முட்டாள்தனமா, நடிப்பா என்று இன்றைக்கும் தெரியவில்லை. நடிப்பாக இருந்தால் தேவலை. அந்த மஸ்கட்காரர் மேல் அன்றுதான் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. அவராவது தன்னை அடையாளம் கண்டுகொண்டு கத்தினார்.

"படிச்சுட்டாம்மா. ரொம்ப அழுதானாம்" என்று அம்மாவிடம் சொன்னேன்.

"அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே இளகின மனசுடி" என்றாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அப்ப வந்துடுவான்."

ஐப்பசி அடைமழையில் அம்மா போய்ச் சேர்ந்தாள். ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாச்சு என்று சித்தப்பா வந்து சொன்னார். வேண்டாம், சாயங்காலமே எடுத்துவிடலாம் என்றேன். பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ தம்பிக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார்கள்.

"நான் வர்ற வரைக்கும் வச்சிரு அக்கா" என்று கதறினான். "நாளைக்கு வந்துடுறேன். நான்தானே கொள்ளி வைக்கணும்?"

"வேணாம்டா" என்றேன். "நீதான் கதைக்கே அழுது முடிச்சுட்டியே."