இஷ்யூ ஆன துப்பாக்கி

என் மகள் எட்டாம் வகுப்பு படித்தபோது, டவுன்ஷிப்பில் ஒரு கிளப்பில் ஏர் ரைபிள் சுடப் பழகினாள். மாவட்டப் போட்டிக்குப் போகும் அணியில் அவள் பெயர் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை அந்தப் பெயரை அடித்துவிட்டு, ‘கவனக்குறைவான பெண்’ என்று பெற்றோர்களின் வாட்ஸப் குரூப்பில் எழுதினார் பயிற்சியாளர். அந்த வார்த்தை இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை.

நடந்தது இதுதான். கை வலித்து அவள் ரைபிளை இறக்கும்போது, தோளில் பதியும் மரக்கட்டை அக்குளுக்கடியில் டீ-ஷர்ட்டில் மாட்டிக்கொண்டது. கனமான குழல் பக்கவாட்டில் சாய்ந்தது. இழுத்துப் பிடித்திருந்த விரல் டிரிகரில் அழுந்திவிட்டது. பக்கத்தில் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் காலுக்கு ஒரு சாண் தள்ளி, சிமெண்டுத் தரையில் குண்டு பட்டுத் தெறித்தது. யாருக்கும் அடியில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த நான் ஓடிப்போய் அந்தப் பெண்ணின் காலைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நானும் திட்டினேன். “ஒரு புள்ளயோட காலு போயிருக்கும்டி!”

“அந்தத் துப்பாக்கி எனக்கு எட்டலம்மா. மொத வாரமே சொன்னேன்ல?”

சொல்லியிருந்தாள். “இஷ்யூ ஆனதத்தான் குடுப்பாங்க, பழகிக்கோ” என்று நான்தான் வாயை அடைத்திருந்தேன். எங்கள் சுரங்க ஊரில் இஷ்யூ, அதாவது மேலிருந்து வழங்கப்படுவது, அப்படிப்பட்ட சொல். மைன்ஸில் வேலை பார்க்கும் என் கணவர், இஷ்யூ ஆன ஷூ பெரிதாக இருந்தால் நுனியில் துணி அடைத்துப் போட்டுக்கொள்வார். திருப்பிக் கொடுக்கத் தோன்றாது.

திங்கட்கிழமை மன்னிப்புக் கடிதத்தோடு அவளையும் அழைத்துக்கொண்டு கிளப்புக்குப் போனேன். குண்டில்லாத ரைபிளை அவளைப் பிடிக்கச் சொன்னேன். கழுத்தை முன்னால் நீட்டி, இடுப்பைப் பின்னால் வளைத்து நின்றாள். அப்படியும் குறி பார்க்கும் துளைக்கு, பின்குறிக்கு, நேராகக் கண் வரவில்லை.

கிளப்பில் இலக்கு அட்டை மாற்றும் ஊழியர், பக்கத்துக் கிராமமான வடக்குத்துக்காரர், சிரித்தார். “சின்னதுங்க எல்லாம் இப்படித்தாங்க, கொக்காட்டம் கழுத்த நீட்டிக்கினு சுடுதுங்க. கைமுட்டிய மடக்கி, மடிப்புல கட்டைய வெச்சிப் பாருங்க. வெரலு எட்டணும்.”

வைத்துப் பார்த்தோம். டிரிகருக்கு இரண்டு விரல்கடை முன்னாலேயே அவள் விரல் நின்றுவிட்டது.

“லாங் பேரல் மேடம்,” என்றார் பயிற்சியாளர். “கொழல் நீளம்னா குறி தானா நிக்கும். உங்க பொண்ணுக்குன்னு நல்லதா பாத்துக் குடுத்தது.”

நீளக் குழலில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி அதிகம், அதனால் குறி பார்ப்பதில் பிசகு குறையும் என்பது உண்மைதான். ஆனால் அதைத் தாங்கும் கை தளர்ந்து, கண்ணும் குறிக்குப் பின்னால் வராதபோது அந்த நீளத்தால் யாருக்கு லாபம்? கிளப் டீ-ஷர்ட்டுக்கு அளவெடுத்தவர்கள் துப்பாக்கிக்கு ஏன் எடுக்கவில்லை? கட்டையின் முனையைத் திருப்பிப் பார்த்தேன். கட்டையை நீளமாக்கும் மூன்று பலகைத் துண்டுகள், இரண்டு திருகாணிகள். கழற்றுவதற்கென்றே செய்தவை!

“அது சீனியர் பசங்க செட்டிங். தொடக் கூடாது மேடம்.”

“அப்ப யாரு கவனக்குறைவு சார்? பதிமூணு வயசுப் புள்ளயா?”

நான் கடிதத்தைக் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கழற்றும்வரை நகரமாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைசியில் வடக்குத்துக்காரர்தான் ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் தோளில் வைத்தாள். கழுத்து நிமிர்ந்தது, கன்னம் கட்டையில் படிந்தது, கண் தானாகவே குறிக்கு வந்தது.

“இப்ப ஒரு குண்டு போட்டுப் பாரு,” என்றார் பயிற்சியாளர், சாதாரணமாக, ஒன்றுமே நடக்காததுபோல.

அவள் ரைபிளை மேசைமேல் வைத்தாள். முதலில் எல்லாருடைய கால்களையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“வேணாம்மா. வூட்டுக்குப் போலாம்.”