ஆணையத்துக்குப் போன கடைசி வரி

வீட்டில் அவளுக்குத் தலையங்கம் என்று பெயர். வைத்தவர் கணவர். காலையில் போனில் ஒரு செய்தியைப் படித்தாளானால், தேநீர் ஆறுவதற்குள் அதைப் பற்றி ஒரு தலையங்கம் சொல்லி முடித்துவிடுவாள். கேட்க ஆள் இருக்கிறார்களா இல்லையா என்பதெல்லாம் அவளுக்கு இரண்டாம் பட்சம். அரசியல் பக்கம் போகமாட்டாள், விளையாட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். போன் கம்பெனிகள், இணையம், இணையத்துக்குப் போடுகிற சட்டம், இந்த மூன்றும்தான் அவளுடைய பேட்டை.

"புதுசா ஒரு வேகம் வந்திருக்காம். முழுப் படமும் ரெண்டு நொடியில இறங்கிடுமாம்," என்பாள் பாத்திரம் கழுவும் தொட்டியருகே ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு. அந்த வீட்டில் போனுக்கு உயிர் இருக்கிற ஒரே இடம் அதுதான். "எல்லா இடத்துக்கும் வந்துடுச்சு. நம்ம சமையலறைக்கு வர மட்டும் அதுக்கு வழி தெரியல."

இரண்டு பெரிய கம்பெனிகள் ஒன்றாகின்றன என்று செய்தி வந்த அன்று அவள் சொன்னது வீட்டில் இன்னும் பேச்சில் இருக்கிறது. "ரெண்டும் போட்டி போட்டப்பவே நாம கூப்பிட்டா யாரும் எடுக்கல. இப்ப ஒன்னா சேர்ந்தாச்சு. அவன் எடுப்பான்னு இவன் இருப்பான், இவன் எடுப்பான்னு அவன் இருப்பான்."

கணவர் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். நாள் முழுக்க அடுத்தவர் பார்வையைச் சரிசெய்கிறவர் என்பதால் மனைவியின் பார்வையில் தலையிடமாட்டார். பள்ளி இறுதி வகுப்பில் இருந்த மகள்தான், "அம்மா, இதையெல்லாம் எங்கயாவது எழுதேன். எங்க காது புண்ணாகுது" என்பாள்.

எழுத முடியாது. அதில்தான் சிக்கல். தலையங்கம் வேலை பார்த்ததே அந்தக் கம்பெனிகளில் ஆகப் பெரிய ஒன்றில். ஆறாவது மாடி, எழுத்துப் புகார்ப் பிரிவு, பதினாறு வருடம். கம்பெனியைப் பற்றிப் பொதுவெளியில் வாய் திறந்தால் அன்றே வேலை போகும் என்று ஒரு விதி இருந்தது. அதற்குக் கீழே வருடத்துக்கு ஒரு முறை அவளே கையெழுத்தும் போட்டுவந்தாள். அவள் சம்பளத்தை நம்பித்தான் மகளின் கல்லூரி இருந்தது. ஆகவே வீட்டில் புலி, அலுவலகத்தில் பூனை.

அவளுடைய வேலை பதில் எழுதுவது. இணைப்பு அறுந்தவர்கள், இல்லாத சேவைக்குப் பணம் கட்டியவர்கள், எட்டு முறை கூப்பிட்டு எட்டு முறையும் பாட்டு மட்டும் கேட்டவர்கள் எல்லோரும் எழுதுவார்கள். ஒரு நாளைக்கு அறுபது பேருக்கு அவள் பதில் எழுதவேண்டும். எந்தப் பதிலானாலும் முடிவில் ஒரு வரி உண்டு: 'உங்கள் சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்.' அதற்குக் கீழே எழுதியவரின் பணியாளர் எண். அவளுடையது 417. வரியும் எண்ணும் இல்லாவிட்டால் திரையில் 'அனுப்பு' பொத்தான் சாம்பல் நிறத்திலேயே கிடக்கும். இரண்டையும் அடித்த மறுகணம் பச்சையாகும். பதினாறு வருடத்தில் அந்த வரி அவள் மூளையைவிட்டு இறங்கி விரலுக்குப் போய்விட்டது. ஒருமுறை மகளின் விடுப்புக் கடிதத்திலும் அதை எழுதிவைத்தாள். வகுப்பாசிரியர், "பரவாயில்லை" என்று பதில் போட்டார். பக்கத்து வீட்டில் ஒரு சாவு விழுந்தபோது அனுப்பிய அனுதாபச் செய்தியிலும் அந்த வரி போயிற்று. அங்கே அது பொருத்தமாக இருந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

அந்த வருடம் தொலைத்தொடர்பு ஆணையம் பொதுமக்களிடம் ஒரு கேள்வி கேட்டது. கம்பெனிகள் தங்களுக்கு வேண்டிய இணையதளங்களை வேகமாகவும் மற்றதை மெதுவாகவும் அனுப்பலாமா? கருத்துச் சொல்ல ஒரு மாதம் அவகாசம். பெயர் தேவையில்லை, 'ஒரு பயனாளர்' என்றாலே போதும்.

தலையங்கத்துக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் மகளின் கணினி முன் உட்கார்ந்தாள். புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கினாள். பெயர் போடவில்லை, கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியையும் பார்த்துப் பார்த்து எழுதினாள். செவிலியர் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினாள். அவளுடைய பாட வகுப்புகள் நத்தையாய் ஊர்கின்றன, அதே இணைப்பில் கம்பெனியின் சொந்தப் படத் தளம் மட்டும் பறக்கிறது. 'என் வீட்டுக் குழாயில் தண்ணீர் விடுவது அவர்கள் வேலை. அதில் நான் சமைக்கிறேனா, துவைக்கிறேனா என்று பார்த்துத் திருகைத் திருப்புவது அவர்கள் வேலை இல்லை' என்று முடித்தாள். அனுப்பியதும் அப்படி ஒரு நிம்மதி. அன்று சாயங்காலம் செய்தியே படிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் முதல் பதிலை எழுதிக்கொண்டிருந்தாள். விரல்கள் கடைசி வரிக்கு வந்தன. 417 விழுந்தது. பொத்தான் பச்சையானது. அந்தப் பச்சையைப் பார்த்ததும் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை எழுதியது ஞாபகம் வந்தது. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் அந்தப் புதிய மின்னஞ்சலைத் திறந்தாள். தண்ணீர், குழாய், திருகு எல்லாம் சரியாக இருந்தன. அவற்றுக்குக் கீழே, 'உங்கள் சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம். 417.'

வெளியே வந்தால் மேற்பார்வையாளர் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார். ஐம்பதை நெருங்கிய அம்மையார், குரல் எப்போதும் ஒரே அளவு. "வெள்ளிக்கிழமை ஆணையம் எல்லாக் கருத்தையும் வெளியிடப் போகுது. நம்ம பிரிவுதான் படிக்கணுமாம். எல்லாரும் ஒன்னா உட்கார்ந்து படிச்சிடலாம். ஒன்னு விடக்கூடாது."

அன்று வீட்டில் தலையங்கத்திடமிருந்து தலையங்கம் எதுவும் வரவில்லை. மகள் அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மகள் படிக்கப் போனபிறகு கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

அவர் கண்ணாடித் துணியை மடித்தபடியே கேட்டார். "நீ எழுதினது தப்பா, எண்ணைப் போட்டது தப்பா?"

"எண்ணுதாங்க."

"அப்ப போய் எண்ணை எடுக்கச் சொல்லு. கண்ணாடியில கீறல் இருந்தா கண்ணையா பிடுங்குவாங்க?"

புதன்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஆணையத்துக்குப் போனாள். மூன்றாம் மாடியில், வெளிச்சம் குறைந்த நீள அறையில், கருத்துகளைப் பிரித்து அடுக்கும் எழுத்தர் இருந்தார். கழுத்தில் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அவள் போனைக் காட்டி, தான் அனுப்பியது இது, இதில் ஓர் எண் தவறுதலாகப் போய்விட்டது என்றாள். அவர் திரையில் தேடினார். பிறகு சிரித்துவிட்டார்.

"நீங்க பயப்படவே வேணாம்மா. இது வெளியவே வராது."

அவளுக்குப் போன உயிர் வந்தது. "ஏன் சார்?"

"ஒரே மாதிரி எழுதின கடிதமெல்லாம் ஒரு கட்டா போகும். மாதிரிக்கு ஒன்னுதான் வெளியிடுவோம், மத்ததை எண்ணிக்கையில மட்டும் சேர்ப்போம். கம்ப்யூட்டர் கடைசி வரியைப் பார்த்துப் பிரிக்குது. உங்க கடைசி வரியிலயே முடியுற கடிதம் ஒன்பதாயிரம் வந்திருக்கு. அதோட உங்களதும் போயிடுச்சு."

"ஒன்பதாயிரமா? யாரு சார் எழுதினாங்க?"

"ஒரு பெரிய போன் கம்பெனியோட வாடிக்கையாளருங்க. கம்பெனியே ஒரு கடிதத்தை எழுதி எல்லாருக்கும் அனுப்பியிருக்கு. அவங்க ஒரு பொத்தானை அழுத்தினா போதும், எங்களுக்கு வந்துடும். கம்பெனிக்கு அந்த உரிமையைக் குடுங்கன்னு கேட்டுட்டு, கடைசியில உங்கள் சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்னு முடியுது." அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முப்பது வருஷத்துல எங்ககிட்ட ஒன்பதாயிரம் பேரு வருத்தம் தெரிவிச்சது இதுதாம்மா முதல் தடவை. எல்லாருக்கும் ஒரே எண் வேற. 203."

203 மேற்பார்வையாளரின் எண். கம்பெனிக்காக அந்தக் கடிதத்தை எழுதிக்கொடுத்தவர் அவர்தான். அந்த அம்மையாரின் விரலும் இதே பொத்தானில்தான் தேய்ந்திருந்தது. தலையங்கம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு. நன்றி சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

இரண்டாம் மாடிவரை இறங்கியிருப்பாள். அங்கே நின்றுவிட்டாள். வேலை பிழைத்தது, சரி. ஆனால் அவளுடைய கருத்து எந்தக் கட்டில் இருக்கிறது? கம்பெனிக்கு ஆதரவான கட்டில். பதினாறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு முறை திறந்தாள், அதையும் 'ஆமாம் சாமி' கணக்கில் ஏற்றிவிட்டார்கள். ஒன்பதாயிரத்து ஒன்றாவது ஆள். பேசாமல் இறங்கிப் போய்விடு என்றது மனசு. கால் மேலே ஏறியது.

"சார், அந்தக் கட்டுல இருந்து என்னோடத எடுத்துடுங்க. நான் எழுதினது எதிர்த்து."

எழுத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் வாசித்தார். குழாய் வந்த இடத்தில் தலையை ஆட்டினார். "எடுத்தா இது தனிக் கருத்தா வெளிய வருமே. பரவாயில்லையா?"

"வரட்டும் சார். அந்த எண்ணை மட்டும்..."

"எண் எதுவா இருந்தாலும் கறுப்படிச்சுத்தான் வெளியிடுவோம். அது விதி. அதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"அந்தக் கடைசி வரி?"

"எழுதினதுல ஒரு எழுத்தைக்கூட எடுக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. அதுவும் விதிதான்."

வெள்ளிக்கிழமை மதியம் பிரிவில் இருந்த எட்டுப் பேரும் மேற்பார்வையாளரின் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதலில் வந்தது கம்பெனிக்கு ஆதரவான கடிதத்தின் மாதிரி. மேற்பார்வையாளர் ஒரே அளவுக் குரலில் வாசித்துக்கொண்டே போனவர் கடைசி வரியில் தடுக்கி நின்றார். அதற்குக் கீழே கறுப்பாக ஒரு பட்டை. அந்தப் பட்டையையே பார்த்தார். காது மடல் சிவந்தது. பிறகு நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. "சரி, சரி, இது நம்மளுதுதான். அடுத்தது," என்று வேகமாகத் தள்ளினார்.

நாற்பது, ஐம்பது கருத்துகளுக்குப் பிறகு அது வந்தது. செவிலியர் தேர்வுக்குப் படிக்கும் பெண். நத்தை. குழாய். திருகு வந்தபோது இரண்டு பேர் சிரித்தார்கள். தலையங்கம் தண்ணீர்ப் புட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உங்கள் சிரமத்துக்கு மனமார..." மேற்பார்வையாளர் நிறுத்தினார். எட்டுப் பேருக்கும் தெரிந்த வரி அது. பக்கத்து மேசைக்காரி, "மேடம், இது நம்ம..." என்று ஆரம்பித்தாள்.

மேற்பார்வையாளர் அவளை முடிக்கவிடவில்லை. கடைசி வரியைப் பற்றி அந்த அறையில் பேச்செடுத்தால் அது எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். "நம்ம வாடிக்கையாளரா இருக்கும்," என்றார். "பாவம். நம்மகிட்ட எத்தனை பதில் வாங்கியிருந்தா இந்த வரி இப்படி மனப்பாடம் ஆயிருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. தலையங்கத்துக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. முதுகில் இருந்த மூட்டையை யாரோ வாங்கி இறக்கி வைத்தது போல இருந்தது. அதே மூச்சில் அந்தப் பதில்களில் பாதியை எழுதியது தன் கைதானே என்றும் தோன்றியது. வேறொரு நாளாக இருந்தால் அவள் வாயைத் திறந்திருக்கமாட்டாள்.

"மேடம், இதே விஷயத்தை ஒரு பொண்ணு நமக்கு அஞ்சு தடவை எழுதியிருக்கு. அஞ்சு தடவையும் நான்தான் பதில் போட்டேன். இன்னும் சரியாகல."

"எங்க? எடுங்க அதை."

எடுத்துக் கொடுத்தாள். மேற்பார்வையாளர் ஐந்து புகாரையும் ஐந்து பதிலையும் வரிசையாக வாசித்தார். பதில் ஒவ்வொன்றும் அதே வரியில் முடிந்தது. பேனாவை எடுத்துப் புகாரின் மேல் 'இன்றே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தொழில்நுட்பப் பிரிவுக்குத் தாமே கொண்டுபோனார். அலுவலகம் முடிவதற்குள் அந்த இணைப்பில் போட்டிருந்த கட்டுப்பாட்டை நீக்கிவிட்டதாகச் செய்தி வந்தது.

தலையங்கம் ஆறாவது பதிலை எழுத உட்கார்ந்தாள். பாட வகுப்புகள் இனித் தடையில்லாமல் வரும், தேர்வுக்கு வாழ்த்துகள் என்று எழுதினாள். பொத்தான் சாம்பலாகக் கிடந்தது. கடைசி வரியை விரல் போன போக்கில் விடாமல் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். மனமார வருந்தவும் செய்தாள். கீழே 417 என்று போட்டாள். பச்சை விழுந்தது.